ஆஃப் பண்ணா நிஜமாவே ஆஃப் ஆகுமா? அணு உலைலேர்ந்து மாடி சோலார் வரைக்கும் எடை போடறது எப்படி

மாடில சோலார் பேனல் போட்டு ஒரு வாரம் கூட ஆகல, மத்தியானம் கரண்ட் போச்சு. மண்டைய பிளக்கற வெயில், மேல பேனல் பளபளன்னு இருக்கு, கீழ வீட்ல ஃபேன் நின்னு போச்சு. போட்டுக்குடுத்தவங்களுக்கு ஃபோன் அடிச்சா "அது அப்படித்தான் சார், லைன்ல கரண்ட் இருந்தாதான் இன்வெர்ட்டர் ஓடும்"னு சாவகாசமா சொல்றாங்க, இத காசு வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல! அன்னைக்கு வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தப்பதான் ஜப்பானோட புகுஷிமா அணு மின்நிலையம் ஞாபகம் வந்துச்சு. அதுவும் இதே கததான், ஆயிரக்கணக்கான மெகாவாட் கரண்ட் தயாரிக்கற இடம், தன்ன குளிர வைக்கற பம்ப ஓட்ட கரண்ட் இல்லாம செத்துப்போச்சு.

அதுலேர்ந்து எந்த மின்சாரத்த பத்தி பேச்சு வந்தாலும் முதல்ல ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். இத ஆஃப் பண்ணா நிஜமாவே ஆஃப் ஆகுமா, ஆஃப் ஆனதுக்கு அப்புறமும் அதுக்கு என்னென்ன தேவைப்படும்? "அணு உலை சேஃபா இல்லையா"ன்னு கேட்டா ரெண்டு கட்சியா பிரிஞ்சு விடிய விடிய கத்துவாங்க, ஒரு முடிவும் வராது. இந்த கேள்விய கேட்டா பேச்சு மெஷின் பக்கம் திரும்பிடும். எப்படி கேக்கறது, பதில எங்க தேடறதுன்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன்.

முதல்ல அணு உலை, ஏன்னா இங்கதான் இந்த கேள்வி ரொம்ப முக்கியம்

கன்ட்ரோல் ராட, அதாவது அணுப்பிளவ கட்டுப்படுத்தற கம்பிய, உள்ள இறக்கினா ஒரு சில செகண்ட்ல அணுப்பிளவு நின்னுடும். ஆனா சூடு நிக்காது. பிளந்த துண்டுகள் எல்லாம் தொடர்ந்து சிதைஞ்சுக்கிட்டே இருக்கும், அதுலேர்ந்து சூடு வந்துக்கிட்டே இருக்கும். 1000 மெகாவாட் கரண்ட் தர்ற உலைன்னா உள்ள 3000 மெகாவாட் பக்கம் வெப்பம், நிறுத்தின அந்த நிமிஷத்துலயும் அதுல 6, 7 சதவீதம் மிச்சம் இருக்கும், அதாவது 200 மெகாவாட். ஒரு மணி நேரம் கழிச்சு ஒன்றரை சதவீதம், ஒரு நாள் கழிச்சு அரை சதவீதம். அரை சதவீதம்னு சாதாரணமா நெனைக்காதீங்க, அது 15 மெகாவாட், மணிக்கு 20 டன்னுக்கு மேல தண்ணிய ஆவியாக்கற சூடு. அதனால நிறுத்தினதுக்கு அப்புறமும் நாள் கணக்குல, மாசக் கணக்குல யாராச்சும் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும், தண்ணி ஊத்த பம்ப் வேணும், பம்புக்கு கரண்ட் வேணும்.

2011 மார்ச் 11 அன்னைக்கு நிலநடுக்கம் வந்தவுடனே புகுஷிமா டாய்ச்சில ஓடிக்கிட்டிருந்த மூணு உலையும் தானா நின்னுச்சு, அந்த வேலைய அது ஒழுங்காத்தான் செஞ்சுச்சு. வெளி லைன் அறுந்துச்சு, டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆச்சு, அதுவும் சரி. முக்கால் மணி நேரம் கழிச்சு சுனாமி வந்துச்சு. அவங்க கணக்கு போட்டு வெச்சிருந்தது 6 மீட்டர் பக்கம், வந்த அலை 14 மீட்டர் பக்கம். ஜெனரேட்டர் பெரும்பாலும் அடித்தளத்துல இருந்துச்சு, எல்லாம் முங்கிடுச்சு. ஆளுங்க அங்க நின்ன காரோட பேட்டரிய எல்லாம் கழட்டிட்டு வந்து மீட்டர் ரீடிங் பாத்தாங்க, நெனச்சு பாருங்க. ஆனா ஆறாவது உலையோட ஒரே ஒரு ஜெனரேட்டர், காத்துல குளிர்ற டைப், கொஞ்சம் உயரத்துல இருந்ததால தப்பிச்சுச்சு, அந்த ஒன்னுதான் அஞ்சாவது ஆறாவது உலைய காப்பாத்துச்சு. ஒனகாவான்னு இன்னொரு அணு மின்நிலையம், நிலநடுக்க மையத்துக்கு புகுஷிமாவ விட பக்கத்துல, அத 14 மீட்டருக்கு மேல உயரத்துல கட்டியிருந்தாங்க, தப்பிச்சுடுச்சு. ரெண்டுக்கும் வந்தது ஒரே சுனாமி, ஒரே நாடு, ஒரே வகை டெக்னாலஜி, உயரம்தான் வேற.

செர்னோபில் கூட யோசிச்சா இதே கேள்விலதான் ஆரம்பிச்சுது. 1986 ஏப்ரல் 26 ராத்திரி அவங்க பண்ணிக்கிட்டிருந்த டெஸ்ட்டே, "வெளி கரண்ட் போயிட்டா டீசல் ஸ்டார்ட் ஆகற ஒரு நிமிஷம் வரைக்கும், சுத்திக்கிட்டிருக்கற டர்பைனோட வேகத்த வெச்சே பம்ப ஓட்ட முடியுமா"ங்கறதுதான். பாதுகாப்புக்கான டெஸ்ட்! ஆனா ஆர்பிஎம்கேன்னு சொல்ற அந்த சோவியத் உலை டிசைன்ல தண்ணி ஆவியானா பவர் ஏறும், கன்ட்ரோல் ராட் முனைல அணுப்பிளவ ஏத்திவிடற கிராஃபைட் இருந்ததால அவசர ஸ்டாப் பட்டன அமுக்கினப்ப முதல் சில செகண்ட் பவர் இன்னும் ஏறிச்சு. பிரேக் மிதிச்சா முதல்ல ஆக்ஸிலரேட்டர் வேலை செய்யற வண்டி மாதிரி. அதுக்கு மேல, மத்த நாட்டு உலைகள்ல பெரும்பாலானதுக்கு இருக்கற மாதிரி முழுசா மூடின கான்கிரீட் கூடும் கிடையாது.

சரி, உங்களுக்கு அக்கறையுள்ள ஒரு அணு மின்நிலையம் இருக்குன்னா என்ன தேடணும்? கண்காணிப்பு அமைப்போட அறிக்கைகள் பெரும்பாலும் இணையத்துல கெடைக்கும், போரடிக்கும் ஆனா படிக்கலாம். அதுல பாக்க வேண்டியது: ஜெனரேட்டர் எந்த உயரத்துல இருக்கு, எல்லாத்தையும் ஒரே ரூம்ல வெச்சிருக்காங்களா தனித்தனியாவா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், கரண்டே இல்லாம தானா குளிர்ற வசதி இருக்கா. புது டிசைன்ல இது உண்டு, உதாரணமா ஏபி1000 உலைல மேல பெரிய தண்ணி தொட்டி இருக்கும், புவியீர்ப்புலயே இறங்கும், 72 மணி நேரம் ஆளோ கரண்டோ இல்லாம தாங்கற மாதிரி டிசைன். ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்காம அத தண்ணியா மாத்திடற கருவி இருக்கா, எரிபொருள் உருகி கீழ விழுந்தா புடிக்கற தொட்டி இருக்கா, அவசரத்துல ஆவிய வெளிய விட்டா வடிகட்டி விடறாங்களா, இதெல்லாம் ரெண்டாவது வரிசை கேள்வி. வெளி லைன் எத்தனை வழில வருதுன்னும் பாருங்க. உக்ரைன்ல இருக்கற சபோரிஷியா அணு மின்நிலையத்துல ஆறு உலையும் நின்னு போச்சு, ஆனாலும் போர்ல லைன் அறுந்து பல தடவை டீசல நம்பியே இருக்க வேண்டி வந்துச்சு. நின்ன உலையும் கரண்ட் கேக்கும், சொன்னேன்ல.

மூடியாச்சுன்னு சொல்றது யாரு?

1979 மார்ச் 28, அமெரிக்கால திரீ மைல் ஐலண்ட் அணு மின்நிலையம். ஒரு வால்வு திறந்தபடியே மாட்டிக்கிச்சு. கன்ட்ரோல் ரூம்ல லைட் அணைஞ்சு இருந்துச்சு, பாத்தவங்க வால்வு மூடிடுச்சுன்னு நெனச்சாங்க. அந்த லைட் காட்டினது "மூடுன்னு சிக்னல் போயிடுச்சு"ங்கறத மட்டும்தான், வால்வு நிஜமா மூடுச்சான்னு காட்டவே இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு மேல தண்ணி வெளிய போயிக்கிட்டே இருந்துச்சு, உள்ள தண்ணி ஜாஸ்தின்னு நெனச்சு வர்ற தண்ணியையும் குறைச்சுட்டாங்க, உலை மையம் பாதி உருகிடுச்சு.

எனக்கு இந்த விபத்து ஒரு பாடப்புத்தகம் மாதிரி. உத்தரவு போட்டாச்சு, சர்க்குலர் அனுப்பியாச்சு, பாதுகாப்பு பயிற்சி குடுத்தாச்சுன்னு வர்ற எல்லா அறிக்கையும் அந்த லைட் மாதிரிதான், சிக்னல் போனத சொல்லும், வால்வு மூடினத சொல்லாது. அதனால ஒரு அமைப்பு சொல்றத நம்பலாமா வேண்டாமான்னு பாக்க ரெண்டு விஷயம் செக் பண்ணுவேன். ஒன்னு, கண்காணிக்கறவங்களும் அணுமின்சாரத்த வளர்க்கறவங்களும் ஒரே குடைக்கு கீழ இருக்காங்களா. ஜப்பான்ல 2011 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரே அமைச்சகம், விபத்துக்கு அப்புறம் 2012ல தனியா பிரிச்சாங்க. ரெண்டாவது, சின்ன சின்ன கோளாற வெளிய சொல்றாங்களா. இது கொஞ்சம் தலைகீழா தோணும், ஆனா வருஷத்துக்கு பத்து சின்ன சம்பவம் வெளியிடற இடத்த விட, வருஷக்கணக்கா ஒன்னுமே இல்லன்னு சொல்ற இடம்தான் எனக்கு பயம்.

சம்பவத்துக்கு நம்பர் போடற ஸ்கேல் ஒன்னு இருக்கு, 1லேர்ந்து 7 வரைக்கும், ஒவ்வொரு படியும் சுமார் பத்து மடங்கு. 7 வாங்கினது செர்னோபிலும் புகுஷிமாவும் மட்டும்தான். ஆனா முதல் நாள் சொல்ற நம்பர கெட்டியா புடிச்சுக்காதீங்க, புகுஷிமாவுக்கு முதல்ல 4, அப்புறம் 5, ஒரு மாசம் கழிச்சுதான் 7.

கதிர்வீச்சு நம்பர் படிக்கறது எப்படி

நியூஸ்ல ரெண்டு அலகு வரும். பெக்கரல்னா ஒரு செகண்ட்ல எத்தனை அணு சிதையுதுன்னு எண்ணிக்கை. சீவர்ட்னா அது உடம்புல என்ன பண்ணும்ங்கற அளவு. பெக்கரல்ல சொன்னா எதுவா இருந்தாலும் பயங்கரமா கேக்கும், ஏன்னா அணு அவ்ளோ சின்னது. நம்ம உடம்புல இருக்கற பொட்டாசியம்லேர்ந்து மட்டுமே 4000 பெக்கரல் பக்கம் எப்பவும் வருது.

உதாரணம் சொல்றேன். 2023 ஆகஸ்ட்லேர்ந்து புகுஷிமால சுத்திகரிச்ச தண்ணிய கடல்ல விடறாங்க, அதுல டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) வருஷத்துக்கு 22 டிரில்லியன் பெக்கரலுக்குள்ள இருக்கணும்னு வரம்பு. 22 டிரில்லியன்! தலைப்பு போட்டா தூக்கம் வராது. எடையா மாத்தினா 0.06 கிராம் பக்கம்தான் வருது. விடற தண்ணில லிட்டருக்கு 1500 பெக்கரலுக்குள்ள இருக்கணும், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 10,000. இதுக்காக மீனவங்க கோவம் தப்புன்னு சொல்ல வரல, அவங்க மீன் விக்குமா விக்காதாங்கறது வேற கணக்கு, நம்பிக்கைய பெக்கரல்ல அளக்க முடியாது.

சீவர்ட் வந்தா மூணு பாருங்க. மில்லியா மைக்ரோவா (ஆயிரம் மடங்கு வித்தியாசம், இதுல தப்பு பண்ணாத சேனலே இல்ல), ஒரு மணி நேரத்துக்கா ஒரு வருஷத்துக்கா, அந்த இடத்துல மனுஷன் எவ்ளோ நேரம் நிப்பான். ஒப்பிட சில அளவு மனசுல வெச்சுக்கங்க. இயற்கைலேர்ந்து வருஷத்துக்கு சராசரியா 2.4 மில்லிசீவர்ட் பக்கம், நெஞ்சு எக்ஸ்ரே 0.1 இல்ல அதுக்கும் கம்மி, சிடி ஸ்கேன் 5லேர்ந்து 10, அணு உலை தொழிலாளிக்கு வருஷ சராசரி வரம்பு 20, பொதுமக்களுக்கு கூடுதலா 1. ஒரேடியா 4000, 5000 மில்லிசீவர்ட் வாங்கி சிகிச்சையும் இல்லன்னா பாதி பேர் பிழைக்க மாட்டாங்க.

நிஜமாவே ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா

ஓடாதீங்க. முதல் வேலை வீட்டுக்குள்ள போறது, கதவு ஜன்னல சாத்தறது, வெளிக்காத்த இழுக்கற ஃபேன் ஏசிய நிறுத்தறது. வெளிலேர்ந்து வந்திருந்தா மேல் துணிய கழட்டி கவர்ல கட்டி தூர வெச்சுட்டு குளிங்க, ஒட்டினதுல பெரும்பகுதி துணியோடயே போயிடும். வெளியேறச் சொன்னா மட்டும் வெளியேறுங்க, சொன்ன திசைல. புகுஷிமா மாகாணத்துல அவசரமா வெளியேத்தினதாலயும் அதுக்கப்புறம் வந்த அலைச்சலாலயும் 2,000 பேருக்கு மேல இறந்தாங்க, ரொம்ப பேர் வயசானவங்க. கதிர்வீச்சால நேரடியா இறந்ததா அரசாங்கம் ஏத்துக்கிட்டது ஒருத்தர. பயம்தான் அங்க பெரிய கொலைகாரன், அதே நேரம் அவங்கள வெளியேத்தாமலே விட்டிருக்கலாம்னு இப்ப உக்காந்துக்கிட்டு சொல்றதும் சுலபம்.

அயோடின் மாத்திரை பத்தி நெறைய குழப்பம் இருக்கு. அது கழுத்துல இருக்கற தைராய்ட மட்டும்தான் காப்பாத்தும், அதுவும் கதிரியக்க அயோடின்லேர்ந்து மட்டும். கதிர்மேகம் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியோ வந்த சில மணி நேரத்துக்குள்ளயோ போட்டாதான் பலன், குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரொம்ப முக்கியம், வயசானவங்களுக்கு பலன் கம்மி. அதிகாரிங்க சொன்னா மட்டும் போடுங்க. அயோடின் உப்ப அள்ளி திங்கறது, காயத்துக்கு தடவற அயோடின குடிக்கறது, ரெண்டும் உதவாது, ரெண்டாவது ஆளையே கொல்லும். அயோடின்-131க்கு அரை ஆயுசு, அதாவது பாதியா குறையற காலம், 8 நாள், அதனால முதல் சில வாரம் பால், கீரை விஷயத்துல சொல்றத கேளுங்க. சீசியம்-137க்கு 30 வருஷம், மண்ணு பிரச்சனை அதனாலதான் நீண்டுக்கிட்டே போகுது.

இப்ப அதே கேள்விய மத்ததுக்கும் கேளுங்க

அணு உலைய மட்டும் கூண்டுல ஏத்தி மத்தத விட்டுட்டா அது நியாயம் இல்ல. அணைய ஆஃப் பண்ண முடியுமா? டர்பைன நிறுத்தலாம், பின்னாடி நிக்கற தண்ணி அப்படியேதான் நிக்கும். 1975ல சீனால பான்சியாவ் அணை புயல் மழைல உடைஞ்சு பல்லாயிரக்கணக்கான பேர் செத்தாங்க. 2009 ஆகஸ்ட் 17, ரஷ்யால சயானோ-சுசென்ஸ்கயா அணை, ஒரு டர்பைன் பிச்சுக்கிட்டு மேல வந்து 75 பேர் இறந்தாங்க, அங்கயும் கரண்ட் போச்சு, தொழிலாளிங்க மேல ஏறிப் போய் கையால கேட்ட மூட வேண்டி வந்துச்சு. 6400 மெகாவாட் நிலையம் அது.

பேட்டரி? லித்தியம் செல் சூடேறி சங்கிலியா பத்திக்கிச்சுன்னா அணைச்ச மாதிரி இருக்கும், மணி நேரம் கழிச்சு மறுபடி பத்தும். 2025 ஜனவரில கலிஃபோர்னியா மாஸ் லேண்டிங்ல பெரிய பேட்டரி நிலையம் எரிஞ்சு ஆயிரம் பேருக்கு மேல வெளியேறினாங்க. சோலார் பேனல பொறுத்தவரைக்கும் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணாலும் வெயில் இருக்கற வரைக்கும் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல ஒயர்ல டிசி இருக்கும், நூத்துக்கணக்கான வோல்ட், தீயணைப்பு ஆளுங்களுக்கு இதுதான் தலைவலி. காத்தாலை இதுல நல்ல புள்ள, காத்து ரொம்ப அடிச்சா எறக்கைய திருப்பிக்கிட்டு நின்னுடும், அதுக்குன்னு உள்ளயே தனி பேட்டரியோ ஹைட்ராலிக்கோ இருக்கும். நிலக்கரிதான் பெரிய ஏமாத்துக்காரன், ஆஃப் பண்ணா ஆஃப் ஆயிடும், அதனால சாதுவா தெரியும், ஆனா ஓடும்போதே தினமும் கொல்லுது. ஒரு டெராவாட் மணி (100 கோடி யூனிட்) கரண்டுக்கு விபத்து, காத்து மாசு எல்லாம் சேத்து போட்ட கணக்குல நிலக்கரிக்கு 24.6 சாவு, கேஸுக்கு 2.8, நீர்மின்சாரத்துக்கு 1.3, காத்தாலைக்கு 0.04, அணுவுக்கு 0.03, சோலாருக்கு 0.02. செர்னோபிலும் புகுஷிமாவும் இதுக்குள்ளயே சேர்த்தி. கடைசி மூணுல எது கம்மின்னு சண்டை போடறவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும், முதல்ல இருக்கறத பாருங்கய்யா.

அடுத்து, "இந்த அணு உலைக்கு பதிலா சோலார் போடலாமே"ன்னு யாராச்சும் சொன்னா மெகாவாட்ட மெகாவாட்டோட ஒப்பிடாதீங்க. 1000 மெகாவாட் அணு உலை 90 சதவீத நேரம் ஓடினா வருஷத்துக்கு 788 கோடி யூனிட். 1000 மெகாவாட் சோலார், நல்ல வெயில் இடத்துல 20 சதவீதம்னு வெச்சா 175 கோடி யூனிட். அப்ப அதே யூனிட்டுக்கு 4500 மெகாவாட் போடணும், 20,000 ஏக்கர் பக்கம் வேணும், ராத்திரிக்கு சேமிப்பு தனி. ஆனா இந்த கணக்க காட்டி சோலார மட்டம் தட்டறவங்க இன்னொரு பக்கத்த சொல்ல மாட்டாங்க. சோலார் பண்ணைய ஒன்னு ரெண்டு வருஷத்துல கட்டிடலாம், ஃபின்லாந்துல ஒல்கிலுவோட்டோ 3வது உலை 2005ல ஆரம்பிச்சு 2009ல முடியணும், ஒழுங்கா ஓட ஆரம்பிச்சது 2023ல. 90 சதவீதமும் எப்பவும் வராது, 2022ல ஃபிரான்ஸ்ல 56 உலைல பாதிக்கும் மேல ஒரே நேரத்துல நின்னு போச்சு, குழாய்ல விரிசல், பராமரிப்பு, அந்த கோடைல உலைய குளிர வைக்கற ஆத்து தண்ணியும் சூடு. டெக்சாஸ்ல 2021 பிப்ரவரி குளிர்ல காத்தாலை உறைஞ்சுச்சு, கேஸ் லைன் உறைஞ்சுச்சு, ஒரு அணு உலையும் சென்சார் குழாய் உறைஞ்சு நின்னுச்சு. எல்லாத்துக்கும் ஒரு நாள் லீவு வரும், எல்லாத்துக்கும் ஒரே நாள்ல வருமாங்கறதுதான் கேக்க வேண்டியது.

கழிவு பத்தி சுருக்கமா. அந்த 1000 மெகாவாட் உலைலேர்ந்து வருஷத்துக்கு 20, 30 டன் பயன்படுத்தின எரிபொருள் வரும், அளவு கம்மிதான், ஆனா அதுல இருக்கற புளூட்டோனியம்-239க்கு அரை ஆயுசு 24,100 வருஷம். ஃபின்லாந்துல ஓன்கலோன்னு 400 மீட்டருக்கு மேல ஆழத்துல பாறைக்குள்ள குடைஞ்சிருக்காங்க. உங்க கேள்வி "கழிவு ஆபத்தா"ங்கறத விட "இப்ப எங்க இருக்கு, குளத்துலயா உலர் பெட்டிலயா, அடுத்து எங்க போகும், தேதி என்ன"ன்னு இருக்கட்டும். தேதி சொல்லலன்னா பதில் இல்லன்னு அர்த்தம்.

கடைசியா வீட்டு மாடி

நான் பட்டது நீங்க படாதீங்க. லைன் போனா இன்வெர்ட்டர் நிக்கறது கோளாறு இல்ல, கம்பத்துல ஏறி வேலை செய்யறவர் மேல உங்க பேனல் கரண்ட் பாயாம இருக்கத்தான் அப்படி வெச்சிருக்காங்க. லைன் போனாலும் ஓடணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும், அத முதல்லயே சொல்லி எழுதி வாங்குங்க. எத்தனை வாட் வரைக்கும் இழுக்கும், எத்தனை செகண்ட்ல மாறும்னும் கேளுங்க. பேனல் அளவுக்கு மாச யூனிட்ட 30ஆல வகுத்து, 1 கிலோவாட் ஒரு நாளைக்கு 3லேர்ந்து 5 யூனிட் தரும்னு வெச்சு கணக்கு போடுங்க. பேட்டரிக்கு வேற கணக்கு, இருட்டுல எது ஓடியே ஆகணும்னு மட்டும் எழுதுங்க. 300 வாட், 6 மணி நேரம்னா 1.8 யூனிட், பேட்டரிய முழுசா காலி பண்ணக்கூடாதுன்னு 0.8ஆல வகுத்தா 2.25, அப்ப இரண்டரை கிலோவாட் மணி பேட்டரி. லித்தியம்ல இரும்பு பாஸ்பேட் வகைய கேளுங்க, அது சூடுக்கு கொஞ்சம் கூட தாங்கும். வெளிய ஓடற வழில, படிக்கட்டுக்கு அடில வைக்காதீங்க. டிசி கட் பண்ற சுவிட்ச் எங்க இருக்குன்னு பெருசா எழுதி மீட்டர் பக்கத்துல ஒட்டுங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும் காசு முழுசா குடுக்கறதுக்கு முன்னாடி, அவங்க நிக்கும்போதே மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஃபேன் சுத்துதான்னு பாருங்க.